டீசல் மேல் போட்ட பழி

மெக்கானிக் சங்கத்தின் ஆண்டு மலருக்கு வாழ்த்துரை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். ஷெட்டை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவன், கேட்டதும் மனம் குளிர்ந்து நாலு வரி நல்லதாக எழுதுவான் என்று நினைத்திருப்பீர்கள். நானும் உட்கார்ந்து பார்த்தேன். வாழ்த்துவதற்கு ஒன்றும் தோன்றவில்லை, திட்டுவதற்கு நிறையத் தோன்றியது. அதைத்தான் எழுதியிருக்கிறேன். போட மனமில்லையென்றால் அந்தப் பக்கத்தில் டயர் விளம்பரம் போட்டுக்கொள்ளுங்கள்.

முழுசாக நின்றுபோன வண்டியைச் சரிசெய்வது பெரிய காரியமில்லை. அது எங்கேயும் ஓடிப்போகாது, குறையைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும். எப்போதாவது விக்குகிற வண்டிதான் நம் லட்சணத்தை வெளியே கொண்டுவரும். நாலுவழிச் சாலையில் மிதித்தால் ஏறாது, குலுக்கும், திணறும், வேகம் தானாக இறங்கும். நம் ஷெட்டுக்கு வந்து நின்றதும் சாமியார் மாதிரி அமைதியாக ஓடும். அப்போது என்ன செய்கிறீர்கள்? எனக்குத் தெரியும், நீங்கள் சொல்ல வேண்டாம். முதலில் ஃபில்டரை மாற்றுவீர்கள். திரும்பி வந்தால் பம்பைக் கழற்றுவீர்கள். அதற்கப்புறமும் வந்தால் இன்ஜெக்டர். அதற்கப்புறமும் வந்தால் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, பெரிய உண்மையைக் கண்டுபிடித்த தோரணையில், "டீசல் சரியில்ல சார்" என்பீர்கள்.

அந்தக் காலத்தில் நோய் பிடிபடாத வைத்தியர் எல்லாவற்றையும் வாய்வு என்பார். நமக்கு டீசல். வாய்வு என்று சொன்னால் யாருக்கும் கெடுதல் இல்லை, சுக்குக் கஷாயம் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். டீசல் கலப்படம் என்று சொல்லும்போது நீங்கள் ஒரு ஆளைக் குற்றம் சொல்கிறீர்கள். டீசல் தானாக வந்து டேங்க்கில் ஏறிக்கொள்வதில்லை. யாரோ ஒருவர் போடுகிறார். முதலாளி வீட்டுக் கார் என்றால் அது டிரைவர். இந்தச் சின்ன விஷயம் உங்களில் எத்தனை பேருக்கு உறைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உறைத்தவர் மாதிரி யாரும் நடந்துகொண்டு நான் பார்க்கவில்லை.

நாரணாபுரம் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் ஒரு முதலாளி. பெயர் வேண்டாம். ஏழு பேர் உட்காரும் பெரிய டீசல் கார் வைத்திருந்தார். அதை ஓட்டியவர் அருளப்பன். அமைதியான ஆள். ஞாயிறு காலையில் கோவிலில் பூசைக்கு நின்றுவிட்டுத்தான் வண்டி எடுக்க வருவார். அவர் மனைவி அதே கம்பெனியில் பெட்டி கட்டுகிற பகுதியில் வேலை. அவர் தம்பி சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தார். தம்பியை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

தீபாவளி சீசன் தொடங்கியதும் வடக்கேயிருந்து சரக்கு வாங்குகிற பார்ட்டிகள் மதுரை விமான நிலையத்தில் வந்து இறங்குவார்கள். அவர்களைக் கூட்டிவர இந்தக் கார்தான் போகும். அந்தப் பயணத்தில்தான் வண்டி விக்க ஆரம்பித்தது. சிவகாசியில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் விருதுநகர் தாண்டி, கள்ளிக்குடி வருவதற்குள் திணறும். ஓரமாக நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு எடுத்தால் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். ஒருமுறை முதலாளியே பார்ட்டியோடு பின்சீட்டில் இருந்தபோது பாதி வழியில் நின்றுவிட்டது. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போக, வடக்கத்திக்காரர் வெயிலில் நின்று கைக்குட்டையால் தலையை மூடிக்கொண்டார். முதலாளிக்கு மானம் போய்விட்டது.

வண்டி பைபாஸில் இருக்கும் ஒரு ஷெட்டுக்குப் போனது. அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். இதே மலரில் அவர் விளம்பரம் முழுப் பக்கத்துக்கு வந்திருக்கும், புரட்டிப் பாருங்கள். அவர் ஸ்கேனரை மாட்டினார். எரிபொருள் அழுத்தம் குறைகிறது என்று அது காட்டியது. ஸ்கேனரை நான் குறை சொல்லவே மாட்டேன். அது பார்த்ததைச் சொன்னது. அழுத்தம் ஏன் குறைகிறது என்று அதனால் சொல்ல முடியாது, அதற்காகத்தான் கழுத்துக்கு மேலே நமக்கு ஒன்று வைத்திருக்கிறது. அவர் அதைத் தொந்தரவு செய்யவில்லை. ஃபில்டரை மாற்றினார். பிறகு பம்பை மாற்றினார். பிறகு இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். ஒவ்வொரு தடவையும் டிரையல் பார்த்தார். டிரையல் என்றால் என்ன, பைபாஸ் டீக்கடை வரைக்கும் போய், டீ குடித்துவிட்டுத் திரும்புவது. நாற்பது கிலோமீட்டரில் வருகிற சீக்கு டீக்கடைக்குள் வருமா? வண்டி ஒவ்வொரு தடவையும் பிரமாதமாக ஓடியது. ஒவ்வொரு தடவையும் அவர் சரிசெய்துவிட்டதாகவே நினைத்தார்.

இன்ஜெக்டருக்கு அப்புறமும் வண்டி திரும்பி வந்தபோது அவரிடம் கழற்றுவதற்கு வேறு எதுவும் மிச்சமில்லை. அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"டேங்க் ரொப்புன பெறகுதான சார் வருது? டீசல்ல கலப்படம் இருக்கு. யாரு போடுறாங்கன்னு பாருங்க."

முதலாளி பார்த்தார். போடுகிறவர் அருளப்பன். அருளப்பனின் தம்பி அச்சகத்தில் வேலை. அச்சகத்தில் உருளை கழுவ மண்ணெண்ணெய் கேன் கேனாக வைத்திருப்பார்கள். முதலாளி மனசுக்குள் எல்லாம் ஒரே கோட்டில் சேர்ந்துவிட்டது. டீசலை உறிஞ்சி வெளியே விற்றுவிட்டு, அந்த இடத்தில் தம்பி கொண்டுவந்த மண்ணெண்ணெயை ஊற்றுகிறான். முடிந்தது கதை. சிவகாசியில் வீட்டுக்கு ஒரு ஆளாவது அச்சகத்தில் வேலை பார்க்கிற ஊரில், தம்பிக்கு அச்சகத்தில் வேலை என்பது ஒரு சாட்சியமாகிவிட்டது.

அடுத்து அவர் ஒரு காரியம் செய்தார். டேங்க் மூடியை எடுத்துப்போட்டுவிட்டு, பூட்டு வைத்த மூடி ஒன்றை மதுரையில் வாங்கிவந்து மாட்டினார். கெட்டி ரப்பர் வளையத்தோடு இறுகிப் பூட்டிக்கொள்ளும். சாவி அவர் சட்டைப் பையில். பங்க்கில் டீசல் போட வேண்டுமென்றால் அருளப்பன் அவரிடம் வந்து சாவி வாங்கிக்கொண்டு, வாட்ச்மேனையும் கூட்டிக்கொண்டு போய், திரும்பி வந்து கொடுக்க வேண்டும். கம்பெனி கேட்டில் நாலு பேர் முன்னால் இது நடக்கும். ஒரு ஊருக்கு விஷயம் சொல்ல இதைவிட வேறு என்ன வேண்டும்? மத்தியானச் சாப்பாட்டுக்கு அருளப்பன் மனைவியோடு சேர்ந்து உட்காருகிற பெண்கள் ஒவ்வொருவராக இடம் மாறி உட்கார்ந்தார்கள். தம்பியை அச்சகத்து மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார்.

பூட்டு போட்டபிறகு வண்டி என்ன செய்தது தெரியுமா? முன்னைவிட மோசமாக விக்கியது. இப்போது விருதுநகரையே தாண்டவில்லை. மூளை உள்ள எவரும் இந்த இடத்தில் நின்றிருப்பார். டேங்க் பூட்டிக் கிடக்கிறது, சாவி முதலாளியிடம், அப்புறம் எப்படி அருளப்பன் மண்ணெண்ணெய் ஊற்றுவார்? முதலாளி நிற்கவில்லை. "கள்ளச்சாவி போட்டிருக்கான்" என்றார். சந்தேகம் ஒரு ஆளைப் பிடித்துவிட்டால் அவன் நிரபராதி என்பதற்கான ஆதாரமும் அவனுக்கு எதிராகத்தான் போய்ச் சேரும்.

அந்த நிலையில்தான் கார் என் ஷெட்டுக்கு வந்தது. முதலாளியே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அருளப்பனைப் பின்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிவந்திருந்தார்.

"அண்ணாச்சி, நீங்க வண்டியப் பாக்க வேண்டாம். டீசல மட்டும் பாருங்க. கலப்படம்தான்னு இவன் மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். மத்தத நான் ஸ்டேசன்ல பாத்துக்கிடுதேன்."

அருளப்பன் வண்டியைத் தொடாமல் ஒரு பக்கமாக நின்றார். வேலை போவது ஒரு பக்கம். டீசல் திருடன் என்று பெயர் விழுந்துவிட்டால் ஆனைக்குட்டத்திலிருந்து மல்லாங்கிணறு வரைக்கும் எந்தக் கம்பெனியிலும் சாவியைக் கையில் கொடுக்க மாட்டார்கள். மனைவியையும் நிறுத்திவிடுவார்கள். போலீஸ் வேறு. அவருடைய முழு வாழ்க்கையும் அன்றைக்கு நான் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. முதலாளிக்கு அது ஒரு அரைமணி நேர வேலை. சீசன் நேரம், லோடு ஏற்ற வேண்டும், சீக்கிரம் முடித்துக்கொண்டு போக வேண்டும்.

அந்தக் கம்பெனியின் வண்டிகள் எல்லாமே என் ஷெட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தன. இந்தக் கார் ஒன்றுதான் ஸ்கேனர் ஆசையில் பைபாஸ் பக்கம் போனது. என்னோடு வேலை பார்த்தவர்கள் கண்ணைக் காட்டினார்கள். ஆமாம் என்று சொல்லி அனுப்பிவிடு என்று அர்த்தம். அந்தக் கண்ஜாடை எனக்குப் புரிந்தது. அப்போது வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் டீசல் எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் இல்லை, தூசி இல்லை. முகர்ந்து பார்த்தேன். டீசல் வாசம் அடித்தது. கொஞ்சமாக மண்ணெண்ணெய் கலந்திருந்தால் மனித மூக்குக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்று சொல்கிற நிபுணர்கள் உங்களுக்குள் இருக்கிறார்கள். அந்த மூக்கை வைத்துக்கொண்டு ஏன் இன்னும் ஷெட்டில் கஷ்டப்படுகிறார்கள் என்று தெரியவில்லை.

அருளப்பனிடம் கேட்டேன். "எப்பப்பா வருது?"

"டேங்க் ரொப்புனா வருதுண்ணாச்சி," என்று முதலாளி பதில் சொன்னார்.

"ஒங்களக் கேக்கல. ஓட்டுறவரக் கேக்கேன்."

முதலாளிக்கு முகம் சுருங்கியது. அருளப்பன் மெதுவாகச் சொன்னார். "ரொப்பிட்டு எடுத்தா வருது அண்ணாச்சி. அரை டேங்க்ல மதுரைக்கே போயிட்டு வந்தாலும் ஒண்ணும் செய்யாது."

"ரொப்புன டீசல்தான பெறகு அரை டேங்க் ஆகுது?"

"அதேதான்."

"அப்ப டேங்க் நெறஞ்சிருக்கும்போது கெட்டுப்போன டீசல், பாதியானதும் நல்லதாயிருதா?" இதை நான் முதலாளியைப் பார்த்துக் கேட்டேன்.

அவர் சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்து விரலில் சுழற்றினார். நான் ஒரு யோசனை சொன்னேன். பங்க்கை நீங்களே தேர்ந்தெடுங்கள். டேங்க்கை நீங்களே நிரப்பி, நீங்களே பூட்டுங்கள். சாவி உங்கள் பையிலேயே இருக்கட்டும். அருளப்பன் ஓட்டட்டும், நீங்கள் முன்சீட்டில் உட்காருங்கள், நான் பின்னால் வருகிறேன். வண்டி விக்கவில்லையென்றால் கலப்படம் என்று நானே ஸ்டேஷனுக்கு வந்து சொல்கிறேன்.

"எனக்கு லோடு நிக்குது அண்ணாச்சி. நேரமில்ல. ஒரு வார்த்தை கேட்டா ஊர் சுத்தச் சொல்லுதீக. வேற ஷெட்டுல கேட்டுக்கிடுதேன்."

"தாராளமாக் கேளுங்க. வேற ஷெட்டுல கேட்டுத்தான இங்கன வந்திருக்கீக."

கோபப்பட்டுக் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். கிளம்பவில்லை. அருளப்பனைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்ற ஆசை அவரை நிறுத்தியது. விருதுநகரில் அவருக்கு வேண்டிய பங்க் ஒன்றில் டேங்க் வாய்வரைக்கும் நிரப்பினார். அவர் கையாலேயே பூட்டினார். இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

வண்டி மதுரைப் பக்கம் போனது. ஒரு விக்கலும் இல்லை. வழக்கமாகத் திணறுகிற இடங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கள்ளிக்குடி வந்தது, போனது. முதலாளி முதுகைச் சீட்டில் சாய்த்துக்கொண்டார்.

"பாத்தீகளா அண்ணாச்சி? நம்ம கையால போட்டா எம்புட்டு ஜோரா ஓடுது."

அருளப்பனின் கழுத்து வேர்த்திருந்ததைப் பின்சீட்டிலிருந்து பார்த்தேன். தான் ஓட்டுகிற வண்டி மக்கர் செய்ய வேண்டும் என்று ஒரு டிரைவர் வேண்டிக்கொண்டதை அன்றைக்குத்தான் கண்டேன். உதடு அசைந்துகொண்டே இருந்தது. எனக்கு ஒரு கணக்கு இருந்தது. சிவகாசியில் நிரப்பினால் விருதுநகர் பக்கம் விக்குகிறது என்றால், விருதுநகரில் நிரப்பினால் அதே அளவு தூரம் தள்ளித்தான் விக்க வேண்டும். கோளாறு நிரப்பிய இடத்திலிருந்து கிலோமீட்டர் எண்ணுகிறது. ஆனால் கணக்கு தப்பென்றால் ஒரு மனுஷனை நானே கூட்டிக்கொண்டுபோய் ஸ்டேஷனில் விட வேண்டும். அதை நினைத்தபோது எதற்கு இந்தச் சவடால் என்றுகூடத் தோன்றியது.

திருமங்கலம் தாண்டியதும் வண்டி விக்கியது. முதலில் லேசாக ஒரு குலுக்கல். பிறகு இன்னொன்று. பிறகு அருளப்பன் எவ்வளவு மிதித்தும் ஏறவில்லை. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது.

"நான் ஒண்ணும் செய்யல முதலாளி," என்றார் அருளப்பன். அவர் அன்றைக்கு முதலாளியிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

முதலாளி சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பையில்தான் இருந்தது. "இந்த பங்க்லயும் கலப்படமா?" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே அது அசட்டுத்தனமாகப் பட்டிருக்க வேண்டும். வெளியே பார்த்தார்.

ஓரங்கட்டச் சொன்னேன். "இன்ஜினை நிறுத்தாதப்பா." முதலாளியிடம், "எறங்கி மூடியத் தொறங்க. நான் தொட மாட்டேன், நீங்களே தொறங்க" என்றேன்.

அவர் சாவி போட்டுத் திருகினார். மூடி வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பலமாகத் திருகியதும் பட்டென்று விட்டது. உஸ்ஸென்று ஒரு சத்தம். வெளியிலிருக்கும் காற்று டேங்க்குக்குள் போகிற சத்தம் அது, நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. அது அடங்குவதற்குள் இன்ஜின் தானாகச் சீராகிவிட்டது. முதலாளி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு இன்ஜின் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

கப்பலூர் பக்கம் போய் மறுபடியும் டேங்க்கை நிரப்பி, மூடியை இறுக்காமல் சும்மா மேலே வைத்துக்கொண்டு திரும்பினோம். விருதுநகர் வரைக்கும் ஒரு குலுக்கல் இல்லை.

காரணம் இவ்வளவுதான். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். குபுக் குபுக் என்று திக்கித் திக்கித்தான் வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் ஒழுங்காக ஊற்றும். உங்கள் வீட்டு அடுப்படியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. டீசல் டேங்க்கும் அந்த டின்தான். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கென்று மேலேயிருந்து ஒரு சின்னக் குழாய் இறங்கி வண்டிக்கு அடியில் வந்து முடியும். அந்த வழி அடைபட்டால் பம்ப் இழுக்க, டேங்க் விடாமல் பிடித்துக்கொள்ளும். டேங்க் நிறைந்திருந்தால் மேலே காற்று கொஞ்சம்தான், சீக்கிரமே திணறும். பாதி டேங்க் என்றால் நிறையக் காற்று இருக்கும், மதுரைக்குப் போய்வருகிற வரை தாங்கும். நிறுத்தி டீ குடிக்கும்போது எங்கேயோ ஒரு சந்து வழியாகக் காற்று கசிந்து உள்ளே போய்விடும், வண்டி மறுபடி ஓடும். ஃபில்டர் மாற்றியபோதும், பம்ப் மாற்றியபோதும், இன்ஜெக்டர் கழற்றியபோதும் குழாய்களைக் கழற்றியதிலேயே காற்று உள்ளே போனது. டிரையலில் வண்டி ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம். நீங்கள் எதையோ மாற்றியபிறகு வண்டி ஓடினால், நீங்கள் மாற்றியதால்தான் ஓடியது என்று நினைக்கிறீர்களே, அந்த நினைப்புக்குத்தான் நான் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஷெட்டில் வண்டியைத் தூக்கி அடியில் டார்ச் அடித்தேன். அந்தச் சின்னக் குழாயின் வாயில், தண்ணீர்க் குழாய் ஒழுகினால் பிசைந்து அடைப்போமே, அந்தக் களிம்பு கட்டியாக வைத்து அடைத்திருந்தது. அதற்கு மேலே கறுப்புப் பெயிண்ட் வேறு அடித்திருந்தார்கள். தானாக அடைபட்டதில்லை. யாரோ வேலையாகச் செய்திருக்கிறார்கள். முதலாளியைக் குனிந்து பார்க்கச் சொன்னேன்.

அவர் குனிந்து அந்தக் கட்டியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இது நான் அடைக்கச் சொன்னதுதான்" என்றார்.

சீசனுக்கு முன்னால் கம்பெனியைப் பார்வையிட அதிகாரிகள் வருவதாக இருந்தது. வெள்ளை அடிப்பது, மணல் வாளிகளை நிரப்புவது என்று எல்லாம் நடந்திருக்கிறது. கார் நிற்கிற இடத்தில் தரையில் டீசல் சொட்டு இருந்ததை முதலாளி பார்த்திருக்கிறார். வாய்வரைக்கும் நிரப்பினால் அந்தக் குழாயில் ஒரு சொட்டு வரத்தான் செய்யும். எங்கேயோ ஒழுகுகிறது என்று பயந்து, அடையுங்கள் என்று கம்பெனி எலெக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். பட்டாசுக் கம்பெனி வாசலில் எண்ணெய் சொட்டினால் பயப்படாதவனைத்தான் நான் நம்ப மாட்டேன். அந்த ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் அடைத்தபிறகு அதை யாரிடமாவது சொல்லியிருக்கலாம். வண்டி விக்கியபோதாவது நினைத்துப் பார்த்திருக்கலாம். முதலில் பழைய மூடி வழியாகக் கொஞ்சம் காற்று போய்க்கொண்டிருந்ததால் வண்டி எப்படியோ சமாளித்தது. அருளப்பனை நம்பாமல் பூட்டு மூடி போட்டாரே, அது அந்த வழியையும் அடைத்துவிட்டது.

ஒரு கம்பியை விட்டு அந்தக் களிம்பைக் குத்தி எடுத்தேன். பழைய மாதிரி மூடி ஒன்று மாட்டினேன். வேலை அவ்வளவுதான். முதலாளி அருளப்பனிடம் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தீர்களா? நானும் கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

"சரிப்பா, நாளைக்கு எப்பவும்போல வந்துரு," என்றார். லீவு முடிந்த ஆளிடம் சொல்கிற மாதிரி.

அருளப்பன் தலையாட்டினார். அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வந்தது. வண்டிக்குப் பின்பக்கம் போய், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். முதலாளி ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். யாரும் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை.

மறுநாள் பைபாஸ் ஷெட்டுக்குப் போனேன். ஸ்கேனர்க்காரர் உட்காரச் சொன்னார், குளிராக ஏதோ வாங்கிவரச் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன். அட, அப்படியா என்று ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். அந்தக் குழாய் எந்தப் பக்கம் இறங்குகிறது என்றுகூடக் கேட்டார்.

"சாயங்காலம் வேலை விட்டு ஆளுக வெளிய வார நேரத்துல, அந்தக் கம்பெனி கேட்ல போய் நின்னு, நான் சொன்னது தப்பு, டீசல்ல ஒண்ணுமில்லன்னு நாலு பேர்கிட்டச் சொல்லிட்டு வாங்க," என்றேன்.

அவருக்கு நான் சொன்னது புரியவே இல்லை. உண்மையாகவே புரியவில்லை. நடிக்கவில்லை.

"அதான் வண்டி சரியாயிருச்சுல்ல அண்ணாச்சி. அப்பறம் என்ன?"

நான் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். இந்த மனிதர்தான் இப்போது சங்கத்தின் பயிற்சி வகுப்பில் உங்களுக்கு எரிபொருள் பாடம் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். நன்றாகப் படியுங்கள்.

அவர் போகவில்லை. வேறு யாரும் போகவில்லை. முதலாளி அந்த எலெக்ட்ரீஷியனிடம்கூடச் சொல்லவில்லை. பூட்டு மூடி போனது எல்லாருக்கும் தெரிந்தது, ஏன் போனது என்பது யாருக்கும் தெரியவில்லை. பாவம், பிள்ளை குட்டிக்காரன் என்று முதலாளி மன்னித்துவிட்டார் என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். முதலாளிக்கு நல்ல பெயர் கிடைத்தது. சாப்பாட்டு நேரத்தில் அருளப்பன் மனைவி பக்கத்தில் பெண்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள், ஆனால் தூக்குவாளியைத் தங்கள் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். அடுத்த சீசனுக்கு முன்னால் இரண்டு பேருமே அங்கிருந்து நின்றுவிட்டார்கள்.

போன மாதம் சாத்தூர் ரோட்டில் ஒரு பங்க்கில் அருளப்பனைப் பார்த்தேன். இப்போது ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். டீசல் போடுவதற்காக நிறுத்தியிருந்தார். வண்டியை விட்டு இறங்கி, மூடியைப் பங்க் ஆளையே திறக்கச் சொல்லிவிட்டு, பத்தடி தள்ளிப் போய் எல்லாரும் பார்க்கிற இடத்தில் நின்றார். கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். டீசல் போட்டு, மூடியை மூடி, பங்க் ஆள் கையைக் காட்டுகிற வரைக்கும் அப்படியே நின்றார். என்னைப் பார்த்ததும் சிரித்தார், ஆனால் கையை எடுக்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்திலும் ஏதாவது பேசுகிறார்களா என்று கேட்டேன்.

"அங்கன யாரும் ஒண்ணும் சொல்றதில்ல அண்ணாச்சி. அவுகளுக்கு எதுவும் தெரியாது. நானாத்தான் நிக்கேன்."